பச்சைத் தண்ணீரில் போன கறை

கண்ணு,

போன தடவை வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன பையைப் பிரித்து எல்லாச் சட்டையையும் துவைத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், உடம்பு என்று நான் வாயெடுத்ததுமே "அம்மா, வண்டில இருக்கறேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கார் ஓட்டுகிறவன் பிழைப்பு அப்படித்தான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுவது, தப்பும் தவறுமாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். சொல்ல வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும், நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும். கல்யாணம் முடியட்டும் என்று சொல்லாதே, அதற்கு முன்னால் போக வேண்டும். இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. நம்மைப் போல மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீடு ஒன்றிரண்டு இருக்கும், அவர்களும் படிக்கட்டும்.

எனக்கு வரப்போகிற மருமகள் நிம்மி கேட்டுத்தான் அந்தப் பையைக் கொண்டுவந்தாய். நலங்கு அன்றைக்கு உன் சித்தப்பா பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் ஒரே மாதிரி வண்ணச் சட்டை போட வேண்டும், அதைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயம் ஏற்றித் தருகிறேன் என்று அவளுக்கு ஆசை. புதுசு எதற்கு, நீ வேலைக்குப் போட்டுப் பழசான வெள்ளைச் சட்டைகளும் மாமா சட்டைகளும் போதும் என்றாள். உங்கப்பா சட்டை என்றதும் எனக்குக் கேழ்வரகு மூட்டை ஞாபகம் வந்தது. கருமாதி அன்று "செத்தவங்க துணிய வூட்ல வெக்கக் கூடாது, எடுத்து குடுத்துரு" என்று பெண்டுகள் சொன்னபோது நாலைந்தை மட்டும் கேழ்வரகு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நிம்மி கேட்டபோது, நல்லவேளை, ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயம் போடுவதற்கு முன்னால் துணியை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்று அவள் போனில் பேசிப் பேசி அனுப்பியிருந்தாள். "அத்த, மொதல்ல ஓரத்துல ஒரு நூல பிரிச்சி கொளுத்தி பாருங்க. காயிதம் மாதிரி எரிஞ்சி சாம்பலானா பருத்தி. சுருண்டு உருண்டையா நின்னா அத தள்ளி வெச்சிருங்க, அதுல சாயம் ஏறாது." அடுத்ததில், "கஞ்சி இருந்தா போயே போச்சுங்கத்த. நீங்க மாமாவுக்கு மொடமொடன்னு கஞ்சி போட்டு வெப்பீங்களே, அத பூரா ஊற வெச்சி எடுக்கணும். எண்ணெ ஒரு பொட்டு இருந்தாக்கூட அந்த எடம் சாயத்த குடிக்காது, வெள்ளையா பல்ல காட்டும்." அவள் சொன்னபடியே செய்தேன். நூலைக் கொளுத்திப் பிரித்தேன். உங்கப்பா சட்டை எல்லாம் பருத்தி. உன்னுடையதில் பாதி சுருண்டுகொண்டது. கஞ்சி ஏறிய உங்கப்பா சட்டைகளைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன், கஞ்சி கொழகொழவென்று இளகி வந்தது. அதன் பிறகு உன்னுடையதை நனைக்காமல் ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துப் பிடித்துக் கறை பார்த்தேன். கறையை எடுத்துவிட்டுத்தான் வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் போட வேண்டும். முதலிலேயே வெந்நீர் பட்டால் சில கறைகள் துணியோடு சேர்ந்து வெந்துவிடும், ஆயுசுக்கும் போகாது.

உன் காலர் அழுக்குக்குச் சோப்பைத் தேய்த்து வைத்தேன். வண்டிக் கிரீஸ் பட்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவி இளக வைத்து, பாத்திரம் விளக்குகிற சோப்பைப் போட்டுக் கசக்கினேன். குழம்பு மஞ்சளைச் சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டதே என்று பயப்படாமல் வெயிலில் போட்டேன், வெயில் அதைத் தின்றுவிட்டது. கறை எடுக்கும்போது மனசு வேறெங்கும் போகாது. உங்கப்பா போன பிறகு நான் நிம்மதியாக இருந்த பொழுது என்றால் அந்தக் காலைப்பொழுதுதான். அப்போதுதான் உன் சட்டை ஒன்றின் கை மடிப்பை விரித்தேன். உள்பக்கம் பழுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அடுத்த சட்டையில் பாக்கெட்டுக்குள், கைக்குட்டை வைக்கிற மூலையில், அதே நிறம். உடனே உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கிறதா?

"என்னடா கண்ணு, சட்ட கையில என்னமோ செவப்பா கெடக்குது?"

"அதாம்மா, பாக்கு. கூட ஓட்டறவன் குடுத்தான், தூக்கம் வராம இருக்கறதுக்கு."

"எப்ப இருந்துடா இந்தப் பழக்கம்?"

"எப்பயாச்சும்தாம்மா. நிம்மிகிட்ட சொல்லிராதீங்க, சாமியாடுவா."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் ஏமாந்துபோனேன். கட்டிக்கப்போகிறவளுக்குப் பயப்படுகிறானே என்று சிரிப்புக்கூட வந்தது. பாக்குக் கறைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு அரைநாள் போராட வேண்டும், அப்படியும் மங்கலாக நிற்கும். பழத்தை அறுக்கிற வரைக்கும் நனைந்து கிடக்கட்டும் என்று உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் பேசினில் தண்ணீர் வெளுத்த சிவப்பாக நிற்கிறது. சட்டைக் கையை இரண்டு கசக்குக் கசக்கினேன். முக்கால்வாசி போய்விட்டது. எலுமிச்சம்பழம் அப்படியே கையில் இருந்தது. கண்ணு, பெண்ணாகப் பிறந்தவளுக்கு ரத்தக் கறை எதில் போகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து அது எங்கள் கைக்குத் தெரியும். அடுத்த சட்டையை நான் தண்ணீரில் போடவில்லை. அதுதான் துவைக்காமல் இருக்கிற சட்டை.

இதே கறையை இதே கையால் நான் முன்பே துவைத்திருக்கிறேன், அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. போன வருஷம் மாங்காய் முடிகிற சமயம். உங்கப்பா சட்டையில் இடது கையில் சிவப்பு. என்னங்க இது என்று கேட்டேன். "வெத்தல" என்றார். சந்தைக்குப் போனால் நாலு பேர் நீட்டுகிறார்கள், வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார்கள் என்றார். எனக்கு வந்ததே கோபம்! வெள்ளைச் சட்டையை நான் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, கரிப்பெட்டியில் தேய்த்துக் கொடுப்பேனாம், இவர் எவனோ நீட்டுகிற வெற்றிலையைப் போட்டுத் துப்பிக்கொண்டு வருவாராம். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு சட்டை அப்படி வந்தது. ஒருநாள் துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்து, அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். "பல்லு பால் மாதிரி இருக்குது. ஊர்ல வெத்தல போட்டா எல்லாருக்கும் வாய் செவக்கும், உங்களுக்கு மட்டும் சட்டதான் செவக்குது" என்றேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியதும் எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். கேலி செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நான் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கறையும் பச்சைத் தண்ணீரிலேயே போனது. வெற்றிலை இவ்வளவு சுலபமாகப் போகாதே என்று கை சொன்னது. வேலை மிச்சம் என்று இருந்துவிட்டேன்.

வாழ்நாளில் ஒரு வெற்றிலையை வாயில் வைக்காத மனிதர், இல்லாத பழக்கத்தைத் தலையில் போட்டுக்கொண்டு என்னிடம் அத்தனை திட்டு வாங்கினார். ஏன் என்று ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் சொன்னார். "இப்பதான புள்ள, பையனுக்கு பொண்ணு பேசிட்டு வந்தம். டிபின்னு தெரிஞ்சா அந்த வூட்ல பொண்ணு குடுப்பாங்களா? நம்ம வூட்ல தண்ணி வாங்கி குடிப்பாங்களா? கல்யாணத்த முடிச்சிட்டு பாத்துக்கலாம்னு இருந்தன்." டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை இருக்கிறதம்மா, அதற்குக் காசு கூட வாங்குவதில்லை, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காரியம் முடிந்து நாலைந்து நாளில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்தது. பந்தலில் நிம்மியின் அப்பாவும் அம்மாவும் துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த நர்ஸம்மாவுக்கு நல்ல மனசு, என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டது. "அவரு கூட ஒரே வூட்ல இருந்தவங்க யார் யாருங்கம்மா? எல்லாரும் ஒருக்கா பாத்துக்கணும்."

"நா ஒருத்திதாங்க."

"பையன் இருக்கறதா சொன்னாங்களே?"

"அவன் பெங்களூருங்க. இங்க வர்றதே இல்லிங்க."

கூசாமல் சொன்னேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, கடைசி நாட்களில் அவர் கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்து, எச்சில் கிண்ணத்தை எடுத்துக் கொட்டி, தோளில் சாய்த்துப் பிடித்துக் கஞ்சி ஊட்டினவன் நீ. பந்தலில் இருக்கிறவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்கிற பயத்தில் நீ வரவே இல்லை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சளி பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். உன்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்க விடாமல் செய்தது நான். அந்தச் சட்டையில் வேறு ஏதோ காரணத்தால்தான் ரத்தம் வந்தது என்று டாக்டர் சொல்லட்டும், நான் சாமிக்கு மொட்டை போடுகிறேன். ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஆனால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

நீயும் ஏன் அதே பொய்யைச் சொன்னாய் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று சொல்லிவிடலாம், ஆனால் அவருக்கும் உனக்கும் கற்றுக்கொடுத்தவள் நான்தான் என்று படுகிறது. நீ மூன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் திறந்த வாரத்திலேயே புதுச் சட்டையில் மாங்காய்ப் பால் பட்டுவிட்டது. மாங்காய்ப் பால் எதற்கும் போகாது. நீ அந்தச் சட்டையைக் கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் சொருகிவிட்டு, வெறும் பனியனோடு வந்து, சட்டையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாய். வைக்கோல் இழுக்கும்போது சட்டை வந்தது, கரையான் அரித்து, கையும் காலருமாக. கறைக்கு அடிக்கவில்லை, பொய்க்கு அடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். பொய் எங்கிருந்து வந்தது என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. துணியில் ஒரு பொட்டு விழுந்தால் இந்த வீட்டில் நான் போடுகிற சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். சட்டைக்கே அப்படிக் கத்துகிறவளிடம் யார் வந்து எனக்கு நெஞ்சிலிருந்து ரத்தம் வருகிறது என்று சொல்வார்கள்?

நேற்று நிம்மி சட்டைகளை எடுத்துப்போக வந்தாள். காரிமங்கலத்திலிருந்து அவள் தம்பி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடத்தூரில் ஏதோ வேலை என்று போனான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு இப்படித் தனியாக வருகிறாளே, யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குப் பதைப்பு. அவளுக்கு அதெல்லாம் இல்லை. வந்ததும் கொடியிலிருந்த சட்டைகளில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். சொட்டு நிற்காமல் உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் கஞ்சியும் எண்ணெயும் சுத்தமாகப் போய்விட்டது என்று அர்த்தமாம். "அத்த, நீங்க எங்கூட சேந்துக்கங்க, நாம்ப ரெண்டு பேரும் கட போட்டரலாம்" என்று சிரித்தாள். அப்புறம் மூலையில் சுருட்டி வைத்திருந்த உன் சட்டையை எடுத்துவிட்டாள்.

"இது என்னாங்கத்த, இத விட்டுட்டீங்க?"

என் வாயில் வெத்தல என்று வந்துவிட்டது, கண்ணு. நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிவிட்டு, "அது ரத்தம்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். உங்கப்பாவுக்கு வந்தது என்ன, மூச்சு இழுப்பு என்று ஏன் ஊரெல்லாம் சொன்னோம், நர்ஸம்மாவிடம் நான் சொன்னது என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். பெண் எழுந்து போய்விடுவாள், சாயங்காலத்துக்குள் அவள் அப்பாவிடமிருந்து போன் வரும் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். அவள் சட்டைப் பாக்கெட்டின் மூலையை விரித்துப் பார்த்தபடியே இருந்தாள்.

"எங்கிட்ட தர்பூசணின்னாரு" என்றாள்.

"என்னாது?"

"போன மாசம் பாத்தப்ப கைக்குட்டையில இருந்துச்சு. கேட்டதுக்கு தர்பூசணி சாப்ட்டன்னாரு. ஆடி மாசத்துல ஏதுங்கத்த தர்பூசணி? பொய்யாச்சும் ஒழுங்கா சொல்லத் தெரியுதா உங்க புள்ளைக்கு?" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள், "மாமா எங்கள நெனச்சா மறச்சாரு?"

"ஆமாம்மா. உங்க வூட்ல பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு."

"எங்க பெரியப்பாவுக்கே இருந்துச்சுங்கத்த. ஆறேழு வருசம் ஆவுது. மாத்திர சாப்ட்டாரு, சரியா போச்சு. உங்க வூட்டுக்கு மொதல்ல பொண்ணு பேச வந்தாரே, கெடா மீச வெச்சிக்கிட்டு, அவருதான்."

கண்ணு, அந்த மனிதர் நம் வீட்டில் உங்கப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். கறிச்சோற்றை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் பார்க்கக் கூடாது என்றுதான் உங்கப்பா அன்றைக்கு நாலு தடவை எழுந்து கொட்டகைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தார். ஒரு தடவை அவர் எதிரிலேயே இருமியிருந்தால், "என்னாங்க மச்சான், எவ்ளோ நாளா இருக்குது?" என்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். எதை மறைத்து இவர் உயிரை விட்டாரோ, அது அவர்கள் வீட்டில் வந்துவிட்டுப் போன ஒரு காய்ச்சல். நேற்றுப் பூராவும் எனக்கு அழுகை கூட வரவில்லை. அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றவில்லை.

நிம்மிதான் சொன்னாள், போனில் பேசாதீங்க, சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவார், எழுதுங்கள் என்று. எழுதினதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாளாம். நீ படித்துவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடுமாம், படிக்கவில்லை என்று சொல்ல முடியாதாம். கல்யாணத் தேதியைப் பற்றி நான் கேட்டேன். ஆவணியை விட்டால் உங்கப்பா வருஷம் திரும்பிவிடும், சாவு நடந்த வீட்டில் வருஷத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் இன்னும் எத்தனை காலம் காத்திருக்கச் சொல்வார்களோ என்றேன். "அத எங்கப்பாகிட்ட நா பேசிக்கறேன். மொதல்ல படம் எடுக்கட்டும்" என்றாள். நீ இருபது பொருத்தம் பார்த்தாலும் இப்படி ஒரு பெண் கிடைக்க மாட்டாள். அவளிடம் உடம்பை மறைக்காதே. கட்டிய பிறகு உன் சட்டையை நீயே துவைத்துக்கொள், அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒளிப்பதற்காகத் துவைக்காதே.

திங்கட்கிழமை காலை நானும் அவளும் மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம். கல்யாணத்துக்கு முன்னால் நீ எப்படிம்மா வருவாய் என்றேன். "கல்யாணத்துக்கு அப்பறம்னா நானே கூட்டிட்டு போயிருவன், நீங்க என்னாத்துக்கு?" என்கிறாள். லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வா. வராவிட்டால் உன் ரூமுக்கு வருவோம். அங்கேயும் இல்லை என்றால் உன் கம்பெனி வாசலில் வந்து நிற்போம். அதுவரைக்கும் ரூம் ஜன்னலைத் திறந்து வை, கூட இருக்கிற பையன்களிடமும் சொல், அவர்களையும் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள். துவைக்காத சட்டையைக் கையோடு எடுத்து வருகிறேன். டாக்டர் கேட்டால் நீ பாக்கு என்று சொல்லக் கூடாதில்லையா? ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே திரும்பிவிடுவேன். இருக்கிறது என்றால், மாத்திரை முடிகிற வரைக்கும் உன் ரூமிலேயே இருந்து சோறாக்கிப் போடுவேன். இன்று காலையிலேயே மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு போய் மாரியக்கா கொட்டகையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா